நீட்டுச் சாவியை மடக்குச் சாவியாக்குவது: கேள்வியும் பதிலும்

சாவி வெட்டுவதும் ரிமோட் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. தண்டு நீட்டிக்கொண்டே இருக்கும் ரிமோட் சாவியை, பொத்தானை அழுத்தினால் தண்டு துள்ளி வெளியே வரும் மடக்குச் சாவியாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். அடுத்தவர் காரைத் திறக்க உதவும் கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. அப்படிக் கேட்ட இருவரும் காத்திருக்க வேண்டாம்.

முதல் கார்க்காரர்: அண்ணா, காலி மடக்குச் சாவிக் கூடு ஒன்று வாங்கிவிட்டேன். பழைய சாவியிலிருந்து சர்க்யூட் போர்டை எடுத்து இதில் வைத்து, தண்டை வெட்டிக்கொண்டால் போதும்தானே?

போதாது. சாவி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். தண்டு பூட்டைத் திருப்புகிறது. போர்டு 433.92 அல்லது 315 மெகாஹெர்ட்ஸ் அலையில் கதவைத் திறக்கிறது. மூன்றாவது ஆள் இம்மொபிலைசர் சிப். இவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷனில் சாவி நுழையும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். பெரும்பாலான கார்களில் அது 125 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. சிப் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, கார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். ரிமோட் பேட்டரி செத்த பிறகும் சாவியைப் போட்டால் கார் கிளம்புவது இதனால்தான்.

சில கார்களில் சிப் போர்டிலேயே இருக்கும். அப்படியென்றால் நீங்கள் சொன்னது சரி, போர்டை மாற்றினாலே அதுவும் கூட வந்துவிடும். ஆனால் நிறைய கார்களில் அது தனி. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கருப்புத் துண்டாகவோ சின்னக் கண்ணாடிக் குப்பியாகவோ கூட்டின் மூலையில் ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். பசை போட்டு மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே கார் புதுச் சாவியில் கிளம்பி ஒரு வாரம் ஓடும்வரை பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதை நான் இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

அவசரக்காரர்: மாற்றிவிட்டேன். கதவு திறக்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாக இருப்பதால்தான் கதவு திறக்கிறது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள், பிறகு குப்பைத் தொட்டியைக் கிளறுங்கள்.

பொறுமைசாலி: சார், சிப் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கெட்டியான பசைக்குள் இருக்கிறது. சூடாக்கி எடுக்கலாமா? புதுக் கூட்டில் எங்கே வைப்பது?

சூடு வேண்டாம், நெம்பவும் வேண்டாம். கண்ணாடிக் குப்பி எளிதில் விரிசல் விடும். கருப்புத் துண்டு பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டில் சுற்றிய, முடிபோல் மெல்லிய கம்பி இருக்கிறது. எனவே சிப்பை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லச் சீவுங்கள். பழைய கூடு எப்படியும் பாழாகத்தான் போகிறது, அதற்கு இரக்கம் காட்ட வேண்டாம்.

வைக்கும் இடம் முக்கியம். நீட்டுச் சாவியில் சிப் தண்டின் வேருக்கு அருகிலேயே இருந்தது. மடக்குச் சாவியில் நடுவில் கீல் வந்துவிடுவதால் சிப் இக்னிஷனை விட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறது. நல்ல கூட்டில் கீலுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு குழி இருக்கும். மலிவான கூட்டில் இருக்காது, அல்லது கூட்டின் கடைசியில் இருக்கும். அங்கே வைத்தால் ஒருநாள் கிளம்பும், ஒருநாள் கிளம்பாது. திசையையும் மாற்றாதீர்கள்: பழைய கூட்டில் சிப் தண்டுக்கு எந்தக் கோணத்தில் இருந்ததோ, புதுச் சாவியைத் திறந்த நிலையில் அதே கோணம் வர வேண்டும். ஒட்டுவதற்கு முன் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, சாவியைப் போட்டுப் பலமுறை கிளப்பிப் பாருங்கள்.

ஸ்பிரிங் தொலைத்தவர்: கூட்டை மூடியதும் தண்டு பாதிதான் வெளியே வருகிறது, தொங்குகிறது. ஸ்பிரிங் கெட்டதா?

ஸ்பிரிங்கை முறுக்கேற்றாமல் வைத்திருக்கிறீர்கள். ஒரு கால் பொத்தானிலும் மறு கால் கூட்டின் பள்ளத்திலும் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு தண்டின் தலையைச் சுருள் இறுகும் திசையில் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுவரை திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு மேல்மூடியைப் போட வேண்டும். எதிர்த் திசையில் திருப்பினால் சுருள் விரிந்து கால் முறியும். முதல் தடவை ஸ்பிரிங் பறந்து அறையின் மறுமூலைக்குப் போகும், ஆகவே ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள்.

லேத்காரர்: தம்பி, புதுத் தண்டு எதற்கு? நான் அசல் சாவியின் தலையை உடைத்து, தண்டின் பின்பக்கத்தை அரைத்துச் சிறிதாக்கி, மடக்குச் சாவித் தலைக்குள் நுழைத்து, துளை போட்டு ரோல் பின் (தண்டைத் தலையோடு பிடித்து வைக்கும் சின்ன உலோக ஊசி) அடித்துவிட்டேன். அசல் தண்டு நிக்கல் சில்வர். கூட்டோடு வரும் தண்டு மட்டமான உலோகம். நல்லதைத் தள்ளிவிட்டு மட்டத்தை ஏன் வெட்டச் சொல்கிறீர்கள்?

அண்ணே, உலோகம் பற்றி நீங்கள் சொல்வது சரி. நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி துளியும் இல்லை, ஆனால் வெறும் பித்தளையைவிடக் கடினம், சீக்கிரம் தேயாது.

எனக்குள்ள சிக்கல் மூன்று. முதலாவது, தோள். பல சாவிகளில் தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதைத் தண்டின் வேரில் உள்ள தோள்தான் முடிவு செய்கிறது. அரைக்கும்போது அது கொஞ்சம் போனாலும் எல்லா வெட்டுகளும் இடம் மாறி உட்காரும். இரண்டாவது, முறுக்கு விசை முழுதும் விழுகிற இடத்தில்தான் நீங்கள் தண்டை மெலிதாக்கித் துளையும் போடுகிறீர்கள். மூன்றாவது, கை தவறினால் கையில் இருந்த ஒரே நல்ல தண்டும் போய்விடும். பட்டறையும் கைப்பழக்கமும் உங்களிடம் இருக்கின்றன. இதைப் படிக்கிற மற்றவர்களிடம் வீட்டு டிரில் மெஷின்தான் இருக்கிறது.

பேட்டரிக்காரர்: பழையதில் சிஆர்2032. புதுக் கூட்டில் அது கொள்ளவில்லை, சிஆர்1620தான் பொருந்துகிறது. போடலாமா?

போடலாம். இரண்டும் 3 வோல்ட்தான். 2032-இல் சுமார் 220 மில்லியாம்பியர் மணி இருக்கும், 1620-இல் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் அடிக்கடி மாற்ற வேண்டி வரும். எண்ணின் பொருளும் எளிது: முதல் இரண்டு இலக்கம் விட்டம் மில்லிமீட்டரில், அடுத்த இரண்டு தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. இதை வைத்துக்கொண்டு, கடையில் 2032 இல்லையே என்று 2016 இரண்டை அடுக்குகிறவர்கள் உண்டு. 1.6-உம் 1.6-உம் 3.2, அளவு கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் 6 வோல்ட் ஏறி போர்டு போய்விடும். பேட்டரியின் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்கவும் வேண்டாம், உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கலாம். பழைய கூட்டின் தகட்டுக் கிளிப்பை எடுத்துப் பயன்படுத்துங்கள். (பழைய கூட்டைத் தூக்கிப் போடவில்லைதானே?)

மேசைக்காரர்: இரவு முழுக்க மேசையில் வைத்துப் பொத்தான்களைச் சோதித்தேன். காலையில் காரிடம் போனால் ரிமோட் வேலை செய்யவில்லை.

பயப்பட வேண்டாம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ரிமோட் புதிய எண் ஒன்றை அனுப்புகிறது, கார் கடைசியாகக் கேட்ட எண்ணை நினைவில் வைத்திருக்கிறது. கார் கேட்காத தூரத்தில் நீங்கள் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட் முன்னே ஓடிவிடும். இப்படி எண் மாற்றும் முறைகளில் பரவலாக இருந்த கீலாக்கில், ரிமோட் 16 எண் முன்னே போகும்வரை கார் மறுபேச்சின்றி ஏற்கும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்த பிறகே ஏற்கும். காரின் பக்கத்தில் நின்று தொடர்ந்து அழுத்திப் பாருங்கள். சரியாகாவிட்டால் கையேட்டில் உள்ள ஒத்திசைவு முறையைச் செய்யுங்கள்.

லேத்காரர்: தோளைத் தொடாமலே அரைக்கலாம் தம்பி, வெர்னியர் எதற்கு இருக்கிறது? இன்னொன்று. தேய்ந்த பூட்டுக்குத் தேய்ந்த சாவிதான் சேரும். புதிதாக வெட்டினால் முரண்டு பிடிக்கும்.

புதுச் சாவிக்காரர்: நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. பழைய சாவியை நகலெடுத்தால்தான் பிரச்சினை. கோட் பார்த்து, அதாவது சாவிக்குத் தொழிற்சாலை தந்த வெட்டு எண்ணைப் பார்த்து, வெட்டினால் பூட்டு மறுப்பதே இல்லை.

இருவரும் பாதிப் பாதி சொல்கிறீர்கள்.

சாவியின் வெட்டுகளுக்குத் தொழிற்சாலையில் நிர்ணயித்த சில ஆழங்கள்தான் உண்டு. ஓர் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் பல பூட்டுகளில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பத்து வருடம் உழைத்த சாவியில் இந்த அரையில் ஒரு பகுதி தேய்ந்திருக்கும். அதை வைத்து நகலெடுத்தால் தேய்மானத்தோடு மெஷினின் பிழையும் சேர்ந்துகொள்கிறது. அந்த நகலை வைத்து இன்னொன்று எடுத்தால் கதை முடிந்தது. கோட் பார்த்து வெட்டும்போது தேய்மானத்தைத் தள்ளிவிட்டு, முதல் நாள் அளவுக்குத் திரும்புகிறோம். இதுவரை புதுச் சாவிக்காரர் பக்கம்.

ஆனால் "மறுப்பதே இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டின் உள்ளே உள்ள தகடுகளும் தேய்கின்றன. பழைய சாவியோடு சேர்ந்தே தேய்ந்த தகடுகள் புதுச் சாவியில் ஒன்றிரண்டு நாள் தயங்குவதுண்டு. அதற்குத் தேய்ந்த சாவியைப் பூஜிப்பது தீர்வாகாது அண்ணே. புதுச் சாவி நாள்கணக்கில் இறுக்கமாகவே இருந்தால், பூட்டுக்கு வைத்தியம் தேவை என்று அர்த்தம். கிராஃபைட் தூள் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

லேத்காரர்: அப்படியானால் என் முறை தவறென்றே சொல்லுங்களேன்.

தவறென்று சொல்லவில்லை. இரண்டாவது சாவி கைவசம் இருந்து, தண்டு அதிகம் தேயாமல், ஓரத்தில் பல் வெட்டிய வகையாக இருந்து, அரைப்பவர் நீங்களாகவும் இருந்தால், கூட்டோடு வரும் மட்டமான தண்டைவிட உங்களுடையதே நெடுநாள் உழைக்கும். பக்கவாட்டில் பள்ளம் ஓடுகிற தடித்த தண்டுகளில் வேண்டாம். அவற்றின் வேர்ப்பகுதி மடக்குத் தலையின் வாய்க்குள் நேராக உட்காராது. இன்னொன்று, எதை அரைப்பதற்கும் முன் சிப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். தலை பிளாஸ்டிக்கோடு சேர்த்து கிரைண்டரில் பிடித்துச் சிப்பைச் சாகடித்த சாவிகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அழகு விரும்பி: முழு உலோகத்தில் ஒரு மடக்குக் கூடு பார்த்தேன், கார்பன் ஃபைபரிலும் இருக்கிறது. எது நல்லது?

பார்க்க இரண்டும் நல்லதுதான். போர்டின் ஓரத்தில் ஓடும் செம்புக்கோடுதான் ஆன்டெனா, அது பிளாஸ்டிக் கூட்டுக்குள் வேலை செய்யும்படி அளந்து வைத்தது. உலோகத்துக்குள் அடைத்தால் ரிமோட் எட்டும் தூரம் குறையும். சிப்பைச் சுற்றி உலோகம் வந்தால் கார் கிளம்பவே யோசிக்கும். கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும். அலங்காரத்துக்கு ஒரு மெல்லிய பட்டை மட்டும் என்றால் பரவாயில்லை.

ஆடும் சாவிக்காரர்: தண்டு இடவலமாக ஆடுகிறது. கீலில் பசை விடலாமா?

விடாதீர்கள், அப்புறம் மடங்காது. ரோல் பின் துளையைவிட மெலிந்திருக்கும், சரியான தடிமனில் ஒன்று போடுங்கள். திருகு வைத்த கூடாக இருந்தால் மரையில் ஒரு சொட்டு திரெட்லாக் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) போதும். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் தொங்கினால் அவற்றைக் கழற்றுங்கள்.

பொத்தான் கார்: என் காரில் சாவி போடும் துவாரமே இல்லை, பொத்தான்தான். மடக்குச் சாவியாக்க முடியுமா?

தேவையே இல்லை. அவசரத் தண்டு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும், அது போதும்.

இன்னொருவர்: கூடு மாற்றினேன், கதவு திறக்கிறது, கார் கிளம்பவில்லை...

சிப்.

மறுபடியும் ஒருவர்: இதே பிரச்சினை, ஆனால் என் காரில் சிப் இல்லை என்று நினைக்கிறேன்.

சிப் இல்லாத காராக இருந்தால் சிப் இல்லாமலே கிளம்பியிருக்கும்.

குறுக்குவழிக்காரர்: சிப்பைச் சாவியில் வைக்காமல் ஸ்டியரிங் மூடிக்குள் கம்பிச்சுருள் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? எப்படியும் இந்தச் சிப்களை ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டார்களாம்.

உடைத்தார்கள். 2005-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தாரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் சேர்ந்து, பல கார்களில் இருந்த, 40 பிட் நீள ரகசிய எண் கொண்ட சிப் ஒன்றின் ரகசியத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த சிப்களில் 128 பிட் வரை நீண்ட ரகசிய எண்கள் வந்துவிட்டன. ஆனால் உங்கள் காருக்கு வருகிற திருடன் ஆய்வகத்திலிருந்து வரப்போவதில்லை. ஒரு ஸ்குரூடிரைவரோடு வருவான். அவனைத் தடுப்பதே அந்தச் சிப்தான். அதை நீங்களே காருக்குள் ஒட்டிவைக்கிறேன் என்கிறீர்கள். செய்யாதீர்கள், செய்துவிட்டு என்னிடம் சொல்லவும் சொல்லாதீர்கள்.

கடைசியாக வந்தவர்: ஐயா, என்னிடம் ஒரே ஒரு சாவிதான். வார இறுதியில் இதை முயற்சி செய்யலாமா?

வேண்டாம். முதலில் இரண்டாவது சாவி ஒன்றை வெட்டி, சிப்பைப் பதிவு செய்து வாங்குங்கள். சில கார்களில் ஏற்கெனவே பதிவான இரண்டு சாவிகள் இருந்தால்தான் மூன்றாவதை நீங்களே பதிய முடியும். எந்தச் சாவியும் இல்லாத நிலைக்குப் போய்விட்டால் செலவும் அலைச்சலும் பல மடங்கு. இரண்டாவது சாவியில் கார் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, அதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, பழையதைப் பிரியுங்கள்.