ஏற்காட்டுப் புல்வெளியில் வளையத்தோடு முளைத்த வெள்ளைக் காளான்

உங்கள் வீட்டு முன் முளைத்த வெள்ளைக் காளான், கரையான் புற்றில் வளரும் உண்ணத்தக்க புற்றுக்காளான்தானா, சமைக்கலாமா என்று கேட்டீர்கள். அது புற்றுக்காளான் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், சமைக்க வேண்டாம். காம்பில் வளையம், குடை மேல் பழுப்புச் செதில், வீட்டு முன் புல்வெளியில் மழைக்குப் பின் முளைத்தது. நீங்கள் சொன்ன இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்கிற நச்சுக் காளான்தான். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் படுக்க வைத்துவிடும்.

"செவுள் (குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகள்) வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்றும் கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான். இளசில் வெள்ளைதான், முற்றிய பிறகே பச்சை ஏறும்.

இரவு இதைச் செய்து பாருங்கள். நன்றாக விரிந்த குடை ஒன்றின் காம்பை ஒட்ட நறுக்கி, செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி வையுங்கள். காலையில் குடையைத் தூக்கினால் செவுள் வரிசை அப்படியே தூளாக அச்சாகியிருக்கும். மங்கிய பாசிப்பச்சை என்றால் சந்தேகமே வேண்டாம், அதேதான்.

அப்புறம், பிடுங்காமல் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். புற்றுக்காளானின் காம்பு வேர் போல மண்ணுக்குள் இறங்கி, கரையான் கூடு வரை போகும். அதன் தூள் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம்.

ஆனால் தூள் இளஞ்சிவப்பாக வந்தது என்பதற்காக மட்டும் சாப்பிட்டுவிடாதீர்கள். அதே நிறத் தூள் உள்ள நச்சுக் காளான்களும் உண்டு. நச்சு இருக்கிறதா என்று மஞ்சள் போட்டு, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பதையெல்லாம் தயவுசெய்து நம்ப வேண்டாம். வீட்டில் யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.