பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டை ஸ்டீமில் வெளியிடும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

நால்வர் சேர்ந்து ஆடும் உங்கள் முதல் விளையாட்டை, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியிட எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 100 டாலர் கட்டணம் செலுத்தி 30 நாட்கள் கழிந்த பிறகே வெளியிட முடியும்; முன்னறிவிப்புப் பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் திறந்திருக்க வேண்டும். பின்னர் வாங்க நினைப்பவர்கள் விளையாட்டைத் தங்கள் விருப்பப்பட்டியலில் சேர்த்துவைக்க இது போதாது என்பதால், பக்கத்தைப் பல மாதங்கள் முன்பே திறந்துவிடுங்கள்.

2024 பிப்ரவரியில், பலர் சேர்ந்து ஆடும் ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு வெளிவந்தபோது, சர்வர்கள் திணறியதால் ஒரே நேரத்தில் ஆடுவோரை 4,50,000 என வரம்பிட நேர்ந்தது. அது கொடுத்துவைத்தவர்களின் சிக்கல். சிறிய குழுக்களை வீழ்த்துவது பெரும்பாலும் ஆளில்லாத லாபிதான், அதாவது ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் கூடும் காத்திருப்பு அறைதான்: வாங்கியவர் 'சக ஆட்டக்காரர்கள் தேடப்படுகிறார்கள்' என்ற திரையையே ஐந்து நிமிடம் வெறித்துப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற விதியை நாடுவார்.

ஆகவே தொடக்கத்தில் ஆட்ட வகைகளைக் குறைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். காலியிடங்களைப் பாட்களால், அதாவது கணினியே இயக்கும் ஆட்டக்காரர்களால், நிரப்புங்கள். வெளியீட்டுக்கு முன் ஆட்களை ஆடவிட்டுச் சோதிக்க உதவும் ஸ்டீமின் பிளேடெஸ்ட் வசதிக்குத் தனிக் கட்டணம் இல்லை. அதில் பதிந்தவர்களை ஒரு சனிக்கிழமை மாலை ஒரே மணிக்கு வரவழைத்தால், உள்நுழைவு எங்கே முறிகிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.