6,000 புத்தகங்கள் உள்ள பள்ளி நூலகத்தைக் கணினிக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் பள்ளி நூலகத்தில் சுமார் 6,000 புத்தகங்கள். இதுவரை அக்சஷன் ரிஜிஸ்டரும் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் கொடுத்துப் பதியும் ஏடு) இரவல் நோட்டும்தான். நூலகர் ஒருவர் மட்டுமே. கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறச் சொல்கிறார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மென்பொருள் நிறுவுவதைப் பிறகு பார்க்கலாம். முதல் வேலை அலமாரியில் இருக்கிறது.

ரிஜிஸ்டரைப் பார்த்து அப்படியே டைப் செய்தால், தொலைந்துபோன புத்தகமெல்லாம் கணினியில் உயிரோடு இருக்கும். பிள்ளை தேடும்போது ‘உள்ளது’ என்று காட்டும், தட்டில் இருக்காது. இரண்டு முறை இப்படி ஏமாந்த பிள்ளை மூன்றாம் முறை தேடவே வராது. எனவே தட்டு தட்டாகப் புத்தகத்தைக் கையில் எடுத்து, அதன் எண்ணுக்கு நேரே ரிஜிஸ்டரில் பென்சிலால் டிக் போடுங்கள். இரவலில் வெளியே இருப்பவை போக, கடைசியில் டிக் விழாத எண்கள்தான் காணாமல் போனவை. அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து கணக்கிலிருந்து நீக்க முறைப்படி ஒப்புதல் வாங்குங்கள். அந்த எண்களைப் புதுப் புத்தகங்களுக்குக் கொடுக்கவே கூடாது. தணிக்கையில் மாட்டிக்கொள்வது நூலகர்தான்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். ஒரு பதிவுக்கு 3 நிமிடம் என்றால் மணிக்கு 20. தினம் 2 மணி நேரம் கிடைத்தால் 40. ஆக 6,000 புத்தகத்துக்கு 150 வேலை நாள். ‘ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்’ என்று தலையாட்டினால் தரவு முழுக்கப் பிழை ஏறும்.

ஆங்கிலப் புத்தகங்களுக்கு வேலை குறைவு. ஐஎஸ்பிஎன் எண்ணை (புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சர்வதேச அடையாள எண்) கொடுத்து, கோஹாவின் இசட் 39.50 தேடலில் (பிற நூலகங்களின் பட்டியலில் தேடும் வசதி) வேறு நூலகங்களின் பதிவையே இறக்கிக்கொள்ளலாம். தமிழுக்கு இது பெரும்பாலும் உதவாது. வெளிநாட்டு நூலகப் பதிவுகளில் தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் குறிகளோடு இருக்கும். பிள்ளைகள் அப்படித் தேட மாட்டார்கள். தமிழ்ப் புத்தகங்களைக் கையால்தான் ஏற்ற வேண்டும். தலைப்பை அட்டையிலிருந்து எடுக்காமல் உள்ளே உள்ள தலைப்புப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் தமிழ் எழுத்துதான். பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது, ‘ஆசிரியர்’ என்பதில் கடைசி ர் வரவேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் உட்கார்ந்து ‘ஆசிரியா்’ ஆகிவிடும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், தேடினால் வராது. ‘கௌதமன்’, ‘கெளதமன்’ கதையும் இதுதான்: இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் தனி ‘ள’வும் இருக்கின்றன. ஏற்றுவதற்கு முன் பட்டியலில் ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ ஆக மாற்றுங்கள். ‘கௌ’, ‘மௌ’, ‘சௌ’ வரும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். ஒரே ஆசிரியர் ஒரு நூலில் முதலெழுத்தோடும் இன்னொன்றில் புனைபெயரோடும் இருந்தால், எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அதையே கடைப்பிடியுங்கள்.

எக்ஸெலில் ஐஎஸ்பிஎன் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்காவிட்டால் 13 இலக்க எண் 9.78E+12 என்று சுருங்கிவிடும். சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். கோஹாவை நிறுவுபவரிடம், ஜீப்ரா தேடலை (கோஹாவுக்குள் தேடித் தரும் பகுதி) ஐசியூ முறையில் (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் முறை) அமைக்கும்படி கேளுங்கள். தமிழ்த் தேடல் ஒழுங்காக வர அது வேண்டும்.

பார்கோடில் எண்கள் மட்டும் இருக்கட்டும். ஸ்கேனர் என்பது கணினிக்கு இன்னொரு கீபோர்டு மாதிரி. தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது எழுத்து கலந்த பார்கோடைப் படித்தால், திரையில் பொருளற்ற தமிழ் எழுத்துகள் விழும். லேபிளை ரிப்பன் போடும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் பிரிண்டரில் அடியுங்கள். ரிப்பன் இல்லாத வகை வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும். கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் விட்டு ஒட்டுங்கள். மேலே பளபளக்கும் டேப் ஒட்டினால் ஒளி தெறித்து ஸ்கேனர் திணறும்.

உறுப்பினர் எண்ணாக வகுப்பும் வரிசை எண்ணும் சேர்ந்த எண் வேண்டாம், ஜூன் மாதமே மாறிவிடும். அட்மிஷன் எண்ணை வையுங்கள். வகுப்பு தனிக் களத்தில் இருந்தால் ஆண்டுதோறும் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். இரவல் விதிகளை (எத்தனை புத்தகம், எத்தனை நாள்) நிரப்ப மறந்தால் கோஹா ஒரு புத்தகத்தையும் வெளியே விடாது. முதல் நாள் பலரும் திகைத்து நிற்பது இங்கேதான்.

நூலகப் பீரியட் 40 நிமிடம், பிள்ளைகள் 40 பேர். வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வரிசையில் நின்றால் புத்தகம் பார்க்க நேரமே இருக்காது. வகுப்புத் தலைவரிடம் காலையிலேயே திரும்பி வரும் புத்தகங்களைச் சேகரிக்கச் சொல்லி, பீரியடுக்கு முன் கணக்கில் ஏற்றிவிடுங்கள். ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன நான்காம் விதி இந்த மேசைக்கும் பொருந்தும்.

மின்சாரம் போகும் நாளுக்காக மூன்று பத்தி நோட்டு ஒன்று மேசையிலேயே இருக்கட்டும்: தேதி, உறுப்பினர் எண், பார்கோடு எண். மின்சாரம் வந்ததும் அன்றே ஏற்றிவிடுங்கள். கோஹா தினமும் எடுக்கும் காப்பு நகல் அதே கணினியில்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க் போனால் அதுவும் போகும். வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் எடுத்து, நூலகத்துக்கு வெளியே வேறு அறையில் வையுங்கள். அக்சஷன் ரிஜிஸ்டரில் புதுப் புத்தகங்களை எழுதுவதையும் நிறுத்த வேண்டாம்.