17 வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் தண்டனை சரியா?

குமுளி செக்போஸ்ட்டில் கஞ்சா மூட்டையோடு பிடிபடுகிற 17 வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் தண்டனையே கொடுத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தப்பு எது என்று அவனுக்குத் தெரியும்தான், ஆனால் பின்விளைவை யோசித்து ஆசையை அடக்கி வைக்கிற மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுதாக முதிர்கிறது, அதிலும் கூட்டாளிகள் பக்கத்தில் நின்று 'யாரும் பார்க்க மாட்டாங்கடா, போ' என்று ஏற்றிவிட்டால் போதும், கிளம்பிவிடுவான். 20 கிலோவுக்கு மேல் என்றால் சட்டப்படி குறைந்தது 10 வருடம். அதனால் 2015 சிறார் நீதிச் சட்டத்தில் அது கொடுங்குற்றம், 16 வயது முடிந்தவனை சிறார் நீதி வாரியம் மதிப்பிட்டு, பெரியவனாக விசாரிக்க அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மதிப்பீட்டை மனநல நிபுணரை உட்காரவைத்து நிதானமாகச் செய்யுங்கள், மூட்டையைக் கொடுத்தனுப்பியது யார் என்றும் கேளுங்கள்.