நேற்றிரவு ஆட்டமும் இன்று காலைக் காபியும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் என்னும் ஊரில், மகள் வீட்டில் சென்ற குளிர்காலத்தைக் கழித்தேன். பேரனைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் இருக்கும் காபிக் கடையில் ஏழெட்டு முதியவர்கள் தினந்தோறும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் அந்தப் பேச்சு ஓய்வதில்லை. அப்படி என்னதான் இருக்கிறது, ஐயா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மா. சில ஆண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் உறவினர் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தபோது, அப்படியொரு மேசைக்கு நானும் ஓர் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள அனுமதிக்கப்பட்டவன். முதல் வாரம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. முதலில் பனியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுவார்கள். பிறகு யாராவது ஒருவர் ஓர் ஆண்டின் எண்ணைச் சொல்வார். உடனே மேசை முழுவதும் சிரிக்கும், அல்லது மௌனமாகிவிடும். அந்த எண்களுக்குப் பொருள் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்களுடைய பேச்சு எனக்குப் புரியத் தொடங்கியது.

ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் செய்தித்தாளை நான்காக மடித்து, முந்தைய இரவு ஆட்டத்தின் புள்ளிக் கட்டத்தில் ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறிழைத்தால் கிடைக்கும் தடையற்ற எறிதல்) எண்ணிக்கையைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அதை எதிரில் இருந்தவரின் காபிக் கோப்பைக்கு அருகே திருப்பி வைத்தார். எதிரில் இருந்தவர், இந்த ஆண்டு நம் பையன்கள் ஃப்ரீ த்ரோவில் தேறிவிட்டார்கள் என்று முந்தைய நாள்தான் அடித்துச் சொல்லியிருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார், "2003" என்று மட்டும் முணுமுணுத்தார். மேசையில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு கல்லூரி அணிகளுக்கான தேசிய இறுதி ஆட்டத்தில், அவ்வூரின் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு 30 ஃப்ரீ த்ரோ வாய்ப்புகள் கிடைத்தன. கூடைக்குள் போனவை 12. சிரக்யூஸ் அணியிடம் தோற்றதோ 81-78 என்ற கணக்கில், மூன்றே புள்ளி வித்தியாசத்தில். தடுப்பார் எவருமின்றி நின்று நிதானமாக எறியக்கூடிய பந்தைப் பதினெட்டு முறை தவறவிட்ட துக்கம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மேசையில் ஆறவில்லை. இப்படி ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு ஒரு சொல்லாகியிருக்கிறது. 1957 என்றால், வில்ட் சேம்பர்லின் என்ற மாபெரும் வீரர் இருந்தும் மூன்று முறை கூடுதல் நேரம் ஆடி, வட கரோலினாவிடம் 54-53 என்று ஒரே புள்ளியில் கோப்பையை இழந்தது. 1988 என்றால், பருவத்தில் பதினொரு ஆட்டங்களில் தோற்றிருந்த அணியை டேனி மேனிங் என்ற ஒற்றை ஆள் தூக்கிச் சென்று, இறுதி ஆட்டத்தில் 31 புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தது. 2008 என்றால் மாரியோ சால்மர்ஸ்: இரண்டு நிமிடச் சொச்சம் இருக்கையில் ஒன்பது புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியை, 2.1 வினாடி மிஞ்சியிருந்தபோது மூன்று புள்ளி எறிதலால் சமநிலைக்குக் கொண்டுவந்து, மெம்ஃபிஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 75-68 என்று வெல்ல வழிசெய்தவர். ஆட்டம் இல்லாத நாளிலும் பேச்சு ஓயாததன் காரணம் தங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். நேற்றைய ஆட்டம் வெறும் தொடக்கம்தான். அதை எந்த ஆண்டின் பக்கத்தில் வைப்பது என்பதுதான் அங்கே தினசரி வழக்கு.

கேள்வி: தொழில்முறை அணிகள் இத்தனை இருக்க, கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டத்தின்மீது வயதானவர்களுக்கு ஏன் இவ்வளவு பற்று?
- வாசகர், சிவகாசி

பதில்: முதற்காரணம் எளியது: கான்சாஸ் மாநிலத்தில் என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணியே கிடையாது. எல்லைக்கு அப்பால் மிசௌரி மாநிலத்திலுள்ள கான்சாஸ் சிட்டி நகரில் 1972 முதல் 1985 வரை ஓர் அணி இருந்தது. பிறகு அதுவும் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. லாரன்ஸ் ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. அங்குள்ள ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கிலோ பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். ஊரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரை ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கும் இடம் அது. 1955-ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி திறக்கப்பட்ட அவ்வரங்கிற்குத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிறுவனாகச் சென்றதாகச் சொல்லும் முதியவர் ஒருவரையாவது அத்தகைய மேசைகளில் காணலாம்.

இரண்டாவது காரணம், கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே அவ்வூரில் வாழ்ந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார் என்பது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் மாணவர்களுக்கு உள்ளரங்க விளையாட்டு ஒன்று வேண்டும் என்பதற்காகப் பீச் பழக் கூடைகளை உள்மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1898-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து அதன் முதல் பயிற்சியாளரானார். 1907 வரை அவர் வென்றவை 55 ஆட்டங்கள், தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வியை அதிகமாகக் கண்டவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே! இந்த வேடிக்கையைப் புதிதாக வருபவரிடம் சொல்லும் பொறுப்பு எங்கள் மேசையில் ஒருவருக்கே உரியது. வேறு யாராவது முந்திக்கொண்டால் அவர் முகம் சுருங்கிவிடும். நெய்ஸ்மித் வகுத்த அசல் பதின்மூன்று விதிகள் 2010-இல் ஏலத்துக்கு வந்தபோது, அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலர் கொடுத்து அவற்றை வாங்கினார். இன்று அவை அரங்கையொட்டிய கட்டடத்தில் காட்சிக்கு இருக்கின்றன.

கேள்வி: கல்லூரி அணியில் எந்த வீரரும் நான்கைந்து ஆண்டுகளுக்குமேல் இருக்க முடியாதே. முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது ஐம்பது ஆண்டுக்கால ரசிகர் என்று சொல்லிக்கொள்வதற்கு என்ன பொருள்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நல்ல கேள்வி. நானும் அங்கே இதைத்தான் கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்த மேசை எதற்காக இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது.

முன்பெல்லாம் ஒரு பையன் பதினெட்டு வயதில் ஒல்லியாக வந்து, முதலாண்டு முழுவதும் வெளியில் உட்கார்ந்து, நான்காம் ஆண்டில் அணித் தலைவனாகி விடைபெறுவான். ஊர் அவன் வளர்வதைப் பார்க்கும். 2017-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரராகத் தேர்வான ஃபிராங்க் மேசன் அப்படி நான்காண்டுகள் ஆடியவர். அவர் பெயரைச் சொல்லும்போது அந்த முதியவர்களின் குரல் குழைவதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டு ஆன பிறகே என்.பி.ஏ.வில் சேரலாம் என்ற விதி 2006-இல் நடைமுறைக்கு வந்தபின், பெருந்திறமைசாலிகள் ஒரே ஒரு குளிர்காலம் கல்லூரியில் ஆடிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ விக்கின்ஸும் ஜோயல் எம்பீடும் 2013-14 பருவத்தில் ஒன்றாக ஆடினார்கள். அடுத்த கோடையில் இருவருமே இல்லை. 2021-க்குப் பிறகு வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்கவேண்டிய கட்டாயமும் தளர்ந்துவிட்டது. தம் பெயரையும் புகழையும் கொண்டு விளம்பரங்களில் பணம் ஈட்டவும் வீரர்களுக்கு உரிமை வந்துவிட்டது. அது அவர்களுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பணம் என்பதே என் கருத்து. மேசையில் அதுபற்றி இரண்டு கட்சிகள் உண்டு. எப்படியானாலும், வசந்தகாலம் வந்துவிட்டால் யார் போகிறார், யார் வருகிறார் என்பதே காலைப் பேச்சாகிவிடுகிறது.

பயிற்சியாளர்கள் அப்படியல்ல. நெய்ஸ்மித்தில் தொடங்கி, 2003-இல் பொறுப்பேற்ற பில் செல்ஃப் வரை எட்டே பேர்தான். இருந்தாலும் அணியின் நினைவு அவர்களிடம் மட்டுமா இருக்கிறது? நேற்று வந்து சேர்ந்த இருபது வயதுப் பையனுக்கு 1957-இன் வலி எப்படித் தெரியும்? வில்ட் சேம்பர்லின் அன்று ஆடியதைத் தன் தந்தை வானொலியில் கேட்டுவிட்டு இரவு உணவைத் தொடாமல் எழுந்து போனார் என்பது, அந்தத் தந்தையின் மகனுக்குத்தான் தெரியும். மகன் அதை மேசையில் சொல்கிறார். பத்தாவது முறையாகச் சொல்கிறார். மற்றவர்கள் பத்தாவது முறையாகக் கேட்கிறார்கள். வீரர்கள் விருந்தினரைப்போல் வந்து போக, கான்சாஸ் அணி என்று நிலையாக இருப்பது இந்தப் பேச்சில்தான்.

கேள்வி: அந்த மேசையில் பெண்கள் இருப்பதில்லையா?
- வாசகி, ஈரோடு

பதில்: நான் இருந்த மேசையில் இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ரீபவுண்டுக்கு, அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்துக்கு, தாவாமல் நிற்கும் உயரமான வீரரை, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாணவனைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார். புள்ளிவிவரத்தில் தகராறு வந்தால் இறுதித் தீர்ப்பும் அவருடையதே.

கேள்வி: அணி தோற்ற மறுநாள் காலையில் என்ன பேசுவார்கள்? அன்றும் கூடுவார்களா?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: அன்றுதான் தவறாமல் கூடுவார்கள். சாதாரணத் தோல்வியென்றால் நடுவரைத் திட்டி, பயிற்சியாளரைத் திட்டி, அரைமணி நேரத்தில் ஆறிவிடுவார்கள். மார்ச் மாதத் தோல்வி வேறு வகை. அறுபத்தெட்டு அணிகள் ஆடும் அந்தத் தேசியப் போட்டியில் ஒரு முறை தோற்றால் அத்துடன் பருவமே முடிந்துவிடும். 2005-இல் பக்நெல் என்ற சிறிய கல்லூரியிடம் 64-63 என்று முதற்சுற்றிலேயே வீழ்ந்ததும், 2010-இல் போட்டியின் முதல்நிலை அணியாக நுழைந்து இரண்டாம் சுற்றில் வடக்கு அயோவாவிடம் 69-67 என்று தோற்றதும் அப்படிப்பட்டவை. அத்தகைய காலைகளில் முதற்கோப்பை காபி முடியும்வரை யாரும் ஆட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லையாம். நம் ஊரில் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதைப்போலத்தான்.

ஆனால் அவர்களை இன்றுவரை அதிகம் வாட்டுவது மார்ச் மாதத் தோல்வியே இல்லாத ஓர் ஆண்டு. 2020-இல் 28 வெற்றி, 3 தோல்வி என்று நாட்டின் முதலிடத்தில் கான்சாஸ் இருந்தபோது, கொரோனாவால் மார்ச் மாதப் போட்டி ரத்தாயிற்று. அவ்வாண்டு வென்றிருப்போம் என்று ஒருவர் சொல்ல, அதை எப்படிச் சொல்ல முடியும் என்று மற்றொருவர் கேட்க, அந்த வழக்கு மட்டும் முடிவதேயில்லை. 2022-இல் இறுதி ஆட்டத்தின் பாதியில் 40-25 என்று பின்தங்கியிருந்து, வட கரோலினாவை 72-69 என்று வென்றபோதுகூட, "இது 2020-க்கான வட்டி" என்றாராம் ஒருவர். அசல் இன்னும் வரவேண்டியிருக்கிறதாம்.

கேள்வி: அடுத்த மாதம் நானும் என் மனைவியும் லாரன்ஸுக்கு மகன் வீட்டுக்குப் போகிறோம். எனக்குக் கூடைப்பந்து ஓரளவு தெரியும். அப்படிப்பட்ட மேசையில் சேர்ந்துகொள்ள என்ன செய்யவேண்டும்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: நான்கு நாட்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து புன்னகை செய்யுங்கள், ஐந்தாம் நாள் அவர்களே கூப்பிடுவார்கள். ஆட்டத்தின் நுணுக்கத்தைப் பற்றிய கருத்துகளை முதல் வாரத்தில் சொல்லவேண்டாம். "2008-இல் சால்மர்ஸ் எறிந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒருவரிடம் கேட்டால் போதும்; அன்றைய காலை முழுவதும் தங்களுக்கு வேறு வேலை இருக்காது, ஏனென்றால் ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள்.

முடிந்தால் ஓர் ஆட்டத்தை அரங்கிலேயே பார்த்துவிடுங்கள். எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்தும்போது மாணவர்கள் அத்தனை பேரும் முகத்துக்கு நேரே செய்தித்தாளை விரித்துப் படிப்பதுபோல் பாவனை செய்வதையும், தம் அணி வரும்போது அதையே கிழித்துத் துண்டுதுண்டாக வீசுவதையும் காணலாம். வெற்றி உறுதியானதும் "ராக் சாக், ஜேஹாக்" என்று மெதுவாக இழுத்து இழுத்து ஒலிக்கும் கோஷம், 1886-இல் அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த பெய்லி உருவாக்கியது. அதாவது கூடைப்பந்து பிறப்பதற்கு ஐந்தாண்டு முன்பே பிறந்தது. ஊரின் குன்றிலுள்ள சுண்ணாம்புப் பாறைதான் அந்தக் கோஷத்திலுள்ள "ராக் சாக்"; "ஜேஹாக்" என்பது அணியின் செல்லப்பெயர்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பக்கத்து மாநிலமான மிசௌரியின் பல்கலைக்கழக அணியை அவர்கள் முன் புகழ்ந்துவிடாதீர்கள். 1863 ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின்போது, மிசௌரிப் பக்கத்திலிருந்து குவான்ட்ரில் என்பவன் தலைமையில் வந்த கொள்ளைப்படை லாரன்ஸ் ஊரைக் கொளுத்தி நூற்றைம்பது பேருக்கு மேல் கொன்றது. அந்தக் கதையையும் மேசையில் நேற்று நடந்ததுபோலவே சொல்வார்கள். மிசௌரி அணியின் நிறங்கள் கறுப்பும் பொன்மஞ்சளும். தங்கள் பெட்டியில் அந்த இரண்டு நிறமும் சேர்ந்த ஸ்வெட்டர் ஏதாவது இருந்தால், அதைத் தூத்துக்குடியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.