அம்மம்மா இலங்கைப் பறங்கியர். அவருடைய முன்னோரை எப்படித் தேடுவது?

பறங்கியர் என்றால் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போன்ற ஐரோப்பியரின் வழிவந்தவர்கள். என் அம்மம்மாவும் கொழும்புப் பறங்கியர் வீட்டுப் பெண்தான். தமிழரைக் கல்யாணம் செய்தவர். அதனால் உங்கள் தேடல் எங்கே தடைப்படும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையைப் பாருங்கள். 1908இல் தொடங்கிய சங்கம் அது. குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டு வந்தது. இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன கப்பலில், இன்ன ஆண்டு இலங்கைக்கு வந்தார் என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். அந்தக் கப்பல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 18ஆம் நூற்றாண்டுச் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். சிப்பாயின் சொந்த ஊர், பதவி, வேலை எப்படி முடிந்தது எல்லாம் கிடைக்கும். பலருக்குச் சொந்த ஊர் ஜெர்மனியில் இருக்கும். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

ஆனால் அந்த வம்சாவளிகள் தகப்பன் வழியை மட்டுமே பின்தொடர்ந்தவை. சங்கத்தில் சேரவே தகப்பன் வழி அறாமல் ஐரோப்பியரிடம் போய்ச் சேர வேண்டும். மகளின் பெயர், அவள் கணவன் பெயர், அத்தோடு அந்தக் கிளை முடிந்துவிடும். என் அம்மம்மாவோடு எங்கள் கிளை முடிந்தது அப்படித்தான். முதல் தலைமுறை மனைவிமாரில் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள் அல்லர். போர்த்துக்கேயக் கலப்புக் குடும்பங்களிலும் உள்ளூர்க் குடும்பங்களிலும் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதியது பாதி வம்சாவளிதான். எனக்கு அதில் ஆறாத கோபம் உண்டு.

தாய்வழிக்குத் தேவாலயப் பதிவேடுகளே கதி. கொழும்பில் 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு முக்கியமானது. பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சாட்சி நின்றவர்களின் பெயரும் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எங்கள் முன்னோர் ஒருவரின் மனைவிக்குக் குடும்பப் பெயரே எங்கும் இல்லை. மூத்த மகனின் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்ற பெண் அந்த மனைவியின் தாய் என்று தெரிந்த பிறகுதான் இன்னொரு தலைமுறை திறந்தது.

மெல்பேர்னில் உறவினர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் ஏராளமான பறங்கியர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அங்கே ஐரோப்பிய வம்சத்தவரையே குடியேற விட்ட வெள்ளையர் கொள்கை நடப்பில் இருந்த காலம். ஐரோப்பிய வம்சம் என்று காட்டுவதற்காகவே பலர் குடும்பப் பத்திரங்களைத் திரட்டினார்கள். பாட்டிமாரின் பெயர்களைத் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் தாத்தாமாரைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள்.