புரியாது என்று ஒதுக்கிவிட்டு, பிறகு விடாமல் கேட்ட ஆல்பம் எது?

அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஜூஃப்ரியின் ‘ஃப்ரீ ஃபால்’. 1962-ல் பதிவாகி 1963-ல் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ஃப்ரீ ஜாஸ் ஆல்பம், அதாவது வழக்கமான தாளக்கட்டுக்கும் சுருதிக்கும் அடங்காத ஜாஸ். ஜூஃப்ரி கிளாரினெட், பால் பிளே பியானோ, ஸ்டீவ் ஸ்வாலோ பாஸ். டிரம்ஸ் கிடையாது. எல்.பி.யில் இருந்த 10 உருப்படிகளில் 5 வெறும் தனிக் கிளாரினெட்.

முதல் தடவை இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கீழே முனகிக்கொண்டிருக்கிற கிளாரினெட் திடீரென்று உச்சிக்குப் போய்க் கீச்சிடும், அப்புறம் சத்தமே இருக்காது. கச்சேரிக்கு முன்னால் வாயில் வைக்கிற ரீடை (நாணல் சீவாளியை) நாக்கில் நனைத்து ஊதிப் பார்ப்பார்களே, அதையே ரெக்கார்டு போட்டு விற்றுவிட்டார்களோ என்று நினைத்தேன்.

சேரன்மகாதேவியில் எங்கள் சித்தப்பா இருக்கிறார். முப்பது வருஷம் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். சிரிப்பார் என்று ஒரு மத்தியானம் அவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஒத்துக்காரன் எங்கடே?” என்றார்.

நான் அதுவரை தாளத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தாளக்கட்டு இல்லாதது நமக்கென்ன புதுசா? நாதஸ்வரத்தில் மணிக்கணக்காக ராகம் கேட்கிற ஊர்தானே. ஆனால் அங்கே பின்னால் ஒத்து ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் வந்து நிற்க ஒரு ஸட்ஜம் உண்டு. ஜூஃப்ரியிடம் அந்த ஸட்ஜமே இல்லை. சித்தப்பா போனில் சுருதிப்பெட்டி ஆப்பைத் திறந்து கூடவே ஓடவிட்டார். கொஞ்ச நேரம் சேர்கிற மாதிரி இருந்தது, பிறகு காதைப் பொத்த வேண்டியதாயிற்று. “இவருக்கு இது ஆகாது” என்று அணைத்துவிட்டு, முழு ஆல்பத்தையும் கேட்டார். நானும்தான்.

ரயிலில் அடுத்த ஸ்டேஷன் காருகுறிச்சி. அந்த ஊர் நாதஸ்வர வித்வான் அருணாசலமும் ஜூஃப்ரியும் பிறந்தது ஒரே வருஷம், 1921. அருணாசலம் வாசித்த ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாட்டு ‘சிங்காரவேலனே தேவா’ வந்ததும் இந்த ஆல்பம் பதிவான அதே 1962-ல்தான். அந்த நாதஸ்வரம் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. ஜூஃப்ரியின் ஆல்பமோ விற்கவில்லை; ஒரு காபிக்கடையில் வாசித்து ஆளுக்கு 35 சென்ட் கிடைத்த ராத்திரியோடு அந்த மூவர் குழுவும் கலைந்தது.

இதைச் சொன்னபோது சித்தப்பாவுக்குப் பழைய கல்யாணம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. பேசிய காசைத் தராமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் கைகாட்ட, அவர்கள் இவர்களைக் கைகாட்டினார்களாம். “எங்களுக்காவது பந்தியில இலை போட்டாங்கடே” என்றார்.